டெல்மர் கோவாச் ஸ்கோப் தேடிய வருஷம்

"இடதுன்னா யாரோட இடது? உன்னோடதா, துப்பாக்கியோடதா? தெளிவாச் சொல்லு, இன்ஜினியரம்மா."

டெல்மர் கோவாச் சமையலறை மேஜையருகே குனிந்து நின்றார். துப்பாக்கி மேஜைமேல் மரப்பிடியில் இறுகிக் கிடந்தது. குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டை உருவிப் பீங்கான் தட்டில் வைத்திருந்தார். காலிக் குழலின் பின்வாய் வழியே பார்த்தால், சன்னலுக்கு அப்பால், பள்ளத்தைத் தாண்டி, எதிர்ப் பண்ணையின் களஞ்சியச் சுவரில் உள்ள வெள்ளைக் காற்றுத்துளை தெரியும். குழலின் நடுவில் அந்த வெள்ளை நிற்க வேண்டும். துப்பாக்கி அசையாமல், மேலே மாட்டிய புது ஸ்கோப்பின், அந்தக் குறிபார்க்கும் தொலைநோக்கியின், குறுக்குக் கோட்டையும் அதே வெள்ளைமேல் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அப்போதுதான் முதல் குண்டு குறிக் காகிதத்திலாவது படும்.

வருஷா வருஷம் இதைத் தனியாகத்தான் செய்வார். யாரையும் கிட்டே விடமாட்டார். அன்றைக்கு நாற்காலியை மகள் பக்கம் தள்ளிவிட்டு, "நீ பாரு" என்றார். திருகுகளை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டார். லொரீன் அதைக் கவனித்தாள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"துப்பாக்கியோட இடது. ரெண்டு கிளிக். போதும்."

"போதுமா, போதும்னு நினைக்கறியா?"

"போதும், அப்பா."

அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அடுத்த வாரம் அவர் இறந்துபோனார்.

டெல்மர் பென்சில்வேனியாவின் வடக்கு மலையில், ஊராட்சிக்குச் சொந்தமான சரளைச் சாலைகளைச் செதுக்கிச் சமப்படுத்தும் கிரேடர் வண்டியை ஓட்டினார். குளிர்காலத்தில் அதே வண்டியில் பனி தள்ளுவார். சாலையில் குழி விழுந்திருந்தால் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்வார். பேசும்போது இடது கட்டைவிரலால் எதையாவது தேய்த்துக்கொண்டே இருப்பார்: மேஜை விளிம்பு, தொப்பியின் ஓரம், லொரீன் சிறுமியாக இருந்தபோது அவள் உச்சந்தலை. காப்பியில் சர்க்கரை போடமாட்டார். உருளைக்கிழங்கில் போடுவார்.

ஸ்கோப் வாங்குவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. க்ளைட் ரூப்பின் துப்பாக்கிக் கடைக்குப் பட்டப்பகலில் போகமாட்டார். பொழுது சாயும்போது போவார். கடை விளக்கில் எல்லாக் கண்ணாடியும் பளிச்சென்றுதான் தெரியும். அவர் ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியே வெளியே போய், ஹெம்லாக் மரங்களின் அடியில் தேங்கும் இருட்டைப் பார்ப்பார். மான் வருவது அந்த இருட்டில்தான். அதில் கிளை வேறு, கொம்பு வேறு என்று பிரித்துக் காட்டாத கண்ணாடி எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் அவருக்கு வேண்டாம்.

"வந்துட்டான்யா," என்பார் ரூப். "இன்னிக்கு எதைக் கெடுக்கப் போற, டெல்?"

"கெட்டுப்போறதைக் கண்டுபிடிக்கறேன். நீ விக்கறதுக்கு முன்னாடி."

ரூப்புக்கு அவரோடு பழைய சிநேகம். பார்த்துவிட்டுத் தரலாம் என்று ஸ்கோப்பை வீட்டுக்கே கொடுத்தனுப்புவார். டெல்மர் அதை உறைபெட்டியில், மான் இறைச்சிப் பொட்டலங்களுக்கு நடுவே, ஓர் இரவு வைப்பார். காலையில் எடுத்து வெந்நீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். உள்ளே பனி படர்ந்தால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவார். தேறியதைக் கிரேடரின் இருக்கைக்கு அடியில் கட்டி, சலவைப்பலகை போல வரிவரியாகக் கிடக்கும் மர லாரிச் சாலையில் நாள் முழுக்க ஓட்டுவார். திருகைத் திருப்பும்போது காதருகே வைத்துக் கேட்பார். "கிளிக்னு சொல்லணும். வாய்க்குள்ள முனகக் கூடாது."

பெரிதாக்கிக் காட்டும் பெரிய மடங்குகள்மேல் அவருக்கு ஏளனம். ரூப் ஒருமுறை, உள்ளே சிவப்பு விளக்கு எரியும் நீளமான ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்.

"இது எதுக்கு? நிலாவுல மான் இருக்கா?"

"ஆயிரம் கஜம் பார்க்கலாம், டெல்."

"இந்தக் காட்டுல நூறு கஜம் தள்ளி நீ எதைப் பார்த்திருக்க, மரத்தைத் தவிர? என் துப்பாக்கியை வித்தாக்கூட இதை வாங்க முடியாது."

"ஆயுள் முழுக்க உத்தரவாதம் தர்றாங்கப்பா."

"யாரு ஆயுளுக்கு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். லொரீனும் அப்போது அங்கே இருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இத்தனை தேடலுக்கும் காரணம் போன நவம்பரில் நடந்த ஒன்று.

மலைமேல் அவர் நண்பர்களின் வேட்டைக் குடிலில் ஒரு வழக்கம். கொம்பு மானைச் சுட்டு யாராவது தவறவிட்டால் அன்று மாலை அவர் சட்டையின் பின்வாலைக் கத்தரித்து, பெயர் எழுதி, உத்தரத்தில் ஆணியடித்து மாட்டுவார்கள். எல்லாரும் கைதட்டுவார்கள். டெல்மரின் சட்டைவால் அங்கே ஒன்றுகூட இல்லை. அதை மற்றவர்களுக்கு அடிக்கடி நினைவூட்டுவதும் அவருடைய வழக்கந்தான்.

போன நவம்பரில் அவர் தவறவிடவில்லை. மோசமாகச் சுட்டுவிட்டார். மான் தோளில் அடிபடாமல் வயிற்றில் அடிபட்டு ஓடியது. ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடை வரைக்கும் போனார், ஓடையைக் கடந்தும் போனார். பனி விழத் தொடங்கியது. தடம் மூடிப்போயிற்று. மறுநாளும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

அன்று யாரும் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. டெல்மர் தன் உரிமச்சீட்டைப் பையிலிருந்து எடுத்து, மான் கிடைத்தவர்கள் செய்வதுபோலவே நாள் குறித்துக் கிழித்தார். ஒரு சீட்டுக்கு ஒரு மான்தான். "என் மான் ஆச்சு" என்றார். தோட்டாக்களை இறக்கிவிட்டு, மிச்ச நாட்கள் முழுக்க மற்றவர்களுக்குச் சமைத்துப் போட்டார்.

யாரோ ஆறுதலுக்குச் சொன்னார்கள்: "ஸ்கோப் ஆடிப்போச்சு, டெல். பழசுதானே."

அதை அவர் பிடித்துக்கொண்டார்.

லொரீனுக்கு எரி என்ற நகரில் வேலை. ரயில் எஞ்சினின் பாகங்களை மேஜையில் பூட்டி, எது எப்போது தளர்கிறது என்று குலுக்கிப் பார்க்கும் கூடம். பழைய ஸ்கோப்பை அவரே அவளிடம் கொடுத்தனுப்பினார். "நல்லாக் குலுக்கு. எவ்வளவு ஆடுதுன்னு சொல்லு." சுடும்போது துப்பாக்கி உதைப்பதைவிடக் கடுமையாக அவள் அதைக் குலுக்கினாள். குளிரில் வைத்துக் குலுக்கினாள், சூட்டில் வைத்துக் குலுக்கினாள். குறுக்குக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

நகர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எந்தப் பாகத்தைப் பற்றியும் அவள் அதற்கு முன் நினைத்ததில்லை.

வார இறுதியில் வந்து சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, அவளுக்கு அது வராது.

"ஸ்கோப் ஆடலப்பா."

கட்டைவிரல் மேஜை விளிம்பில் நின்றது.

"உன் மேஜை சரியாக் குலுக்கியிருக்காது."

"சரியாத்தான் குலுக்கிச்சு. கண்ணை ஒருதடவை காட்டிட்டு வாங்க."

"கண்ணுக்கு என்ன? ஓடைப் பாலத்துப் பலகையை இங்கேருந்தே படிப்பேன். 'ஒரு வண்டி மட்டும்'."

"அதை நட்டது நீங்கதானே!"

அவர் சிரித்தார். அப்புறம் எழுந்து போய் விறகு பிளந்தார். இரவு உணவு வரைக்கும் பிளந்தார்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் கெட்டது. அவர் சாலைகளிலும் அப்படித்தான் வண்டி ஓட்டுகிறாரோ? பார்த்து அல்ல, மனப்பாடமாக. சாயங்காலம் எதிரே வண்டி வந்தால் விளக்கு வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார். காப்பி ஊற்றும்போது கோப்பை விளிம்பில் விரலை வைத்துக்கொள்வார். அவள் பயந்தது மானுக்காக அல்ல. வேட்டை நாளில் அந்தக் காட்டில் மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்காக ஆரஞ்சு மேலங்கி போட்ட ஆட்கள் நடக்கிறார்கள். மானின் தோளுக்கும் வயிற்றுக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணுக்கு, இருட்டுக் கட்டும் நேரத்தில் ஆரஞ்சு எந்த நிறமாகத் தெரியும்? இதை அவரிடம் கேட்க அவள் பலமுறை வாயெடுத்தாள். ஒருமுறை காரிலிருந்து இறங்காமலே எரிக்குத் திரும்பிப் போனாள்.

அவரோ மேலும் மேலும் ஸ்கோப் பார்த்தார். ரூப்பே அலுத்துப்போனார். "ஏம்மா, உங்கப்பா என் கடையில இருக்கற எல்லாத்தையும் ஒருதரம் குளிப்பாட்டிட்டாரு," என்று லொரீனுக்குத் தொலைபேசியில் சொன்னார். கடைசியில் ஒன்று தேறியது. இரண்டிலிருந்து ஏழு மடங்கு வரை. தடித்த குறுக்குக் கோடு. அகலமான கண்ணாடி. ஆடம்பரம் எதுவும் இல்லை, விலையும் அவர் மனசுக்குள் வைத்திருந்ததைத் தாண்டவில்லை. தடித்த கோட்டை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "மாட்டணும், வந்து ஒரு கை குடு" என்று மட்டும் சொன்னார்.

மாட்டினார்கள். நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாளுக்கு அடுத்த சனிக்கிழமை வேட்டை தொடக்கம். இடையில் ஏழெட்டு வாரம் இருந்தது. அதற்குள் எப்படியாவது பேசிவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

இறந்த அன்று அவர் கிரேடரைச் சாலையோரம் ஒழுங்காக நிறுத்தி, செதுக்கும் தகட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்திருந்தார். தபால்காரர்தான் முதலில் பார்த்தது. இதயம் என்றார்கள். கண் இல்லை. அந்த நினைப்பு வந்ததற்காக லொரீன் தன்னையே வெறுத்தாள்.

இறுதிச் சடங்குக்குக் குடில்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். ஸ்கோப்பைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக ரூப் சொன்னார். வெந்நீரில் குளித்த ஸ்கோப்பை தான் திரும்ப எடுப்பது இது முதல் தடவையாக இருக்காது என்றார். அவள் வேண்டாம் என்றாள்.

வீட்டை ஒழித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் சமையலறைத் தொலைபேசி அடித்தது.

"மிஸ்டர் கோவாச் இருக்காரா?" கண் மருத்துவமனையிலிருந்து ஒரு பெண். குரலில் நல்ல உற்சாகம்.

"நான் அவர் பொண்ணு."

"நல்லதாப் போச்சு. வர்ற வியாழக்கிழமை அவருக்கு நேரம் குடுத்திருக்கோம். ஞாபகப்படுத்தத்தான் கூப்பிட்டேன். வலது கண்ணு, புரை."

"யாரு நேரம் கேட்டது?"

"அவரேதான். நேர்ல வந்தார். அந்தப் பெரிய ரோடு வண்டியை எங்க வாசல்லயே நிறுத்திட்டு! மத்த வண்டி ஒண்ணும் உள்ள வர முடியல." அந்தப் பெண் சிரித்தாள். "உங்ககிட்ட சொல்லலையா?"

"இல்ல."

"ஒண்ணு கேட்டுட்டுப் போனார். 'பயப்படாதீங்க, துப்பாக்கியைக் கொண்டுவரமாட்டேன். மேல இருக்கற ஸ்கோப்பை மட்டும் கழட்டி எடுத்துட்டு வரேன். அதுல பார்த்து உங்க சுவத்துல இருக்கற எழுத்தைப் படிச்சுக் காட்டறேன். படிக்க முடியலைன்னா இந்த வருஷம் காட்டுக்குப் போகமாட்டேன். என் பொண்ணுக்கு அந்தக் கவலை இருக்கு'ன்னார். டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்னேன். அவரு, தாராளமாக் கொண்டுவரச் சொல்லுன்னுட்டார். நான்தான் கூப்பிட மறந்துட்டேன். நீங்க சொல்லிடறீங்களா?"

சன்னலுக்கு வெளியே பள்ளத்தில் மூடுபனி. எதிர்ப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

"சொல்றேன்," என்றாள் லொரீன்.

தொலைபேசியை வைத்தாள். சுவரில் தீவனக் கடைக்காரன் கொடுத்த நாள்காட்டி தொங்கியது. அதன் நூலில் கட்டியிருந்த பென்சிலை எடுத்து, வியாழக்கிழமைக் கட்டத்துக்குள் 'வலது கண்' என்று எழுதினாள். கீழே, இன்னும் சின்ன எழுத்தில், 'ஸ்கோப் எடுத்துப் போகணும்.'