காப்பகத்துக்கு உரிமம் வாங்கிய கதை

குழந்தைக் காப்பகத் தொழிலில் குழந்தைகளைச் சமாளித்துவிடலாம், பெரியவர்களைத்தான் முடியாது. ஏதாவது ஓர் உரிமத்துக்காக அலுவலகப் படி ஏறி இறங்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நீங்களெல்லாம் நம்ம கட்சி. சிதம்பரத்தில் ஒரு வாடகை வீட்டில் காப்பகம் நடத்துகிறேன். உரிமம் வாங்காவிட்டால் மாதக் கடைசியில் மூட வேண்டும் என்று கடலூர் மாவட்ட அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. மூடினால் என் பிழைப்பு போகும். என்னிடம் பிள்ளையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி டியூட்டிக்கு ஓடும் நர்ஸ் ஸ்டெல்லா போன்றவர்களுக்கு வேலையே போகும். பயந்துதான் போனேன்.

பின்வாசல்

தீப்பிடித்தால் தப்பிக்க இரண்டாவது வழி வேண்டும் என்பது விதி. வீட்டில் பின்வாசல் இருந்தது. வாஸ்து சரியில்லை என்று வீட்டுக்காரர் அதைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார். உடைத்துக் கதவு போடலாமா என்றேன். அந்த மூலையில் வாசல் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார். விடாமல் போய் நின்றேன். கடைசியில் வாஸ்துக்காரரிடம் போனில் பேசிவிட்டு, ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"நெருப்பு வந்தா மட்டும் தெறந்துக்குங்கம்மா. அதுவரைக்கும் அது வாசல் இல்ல, செவுருதான்."

போலீஸ் விசாரணை

இத்தனை குழந்தைக்கு இத்தனை ஆள் என்று கணக்கு உண்டு. அந்த ஒவ்வோர் ஆளையும் போலீஸ் விசாரித்துச் சான்று தர வேண்டும். ஆயா அமுதா சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். ஒரு போலீஸ்காரர் அவர் தெருவுக்குப் போய், "ஆள் எப்படி?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கிறார். மறுநாள் அமுதா வரவில்லை. போன் செய்தால் அழுகிறார். வேலை பார்க்கிற இடத்தில் எதையோ எடுத்துவிட்டார் என்று தெருவே பேசுகிறதாம். நான் நேரில் வந்து சொன்னால்தான் திரும்பி வருவாராம்.

அமுதா இல்லாவிட்டால் ஆள் கணக்கு உதைக்கும். ஞாயிற்றுக்கிழமை போனேன். தெருக்குழாய் அருகில் நின்று, அமுதா தங்கமான மனுஷி, எதையும் எடுக்கவில்லை, இது எல்லோருக்கும் நடக்கிற விசாரணைதான் என்று தொண்டை வறளச் சொன்னேன். குடத்தை இடுப்பில் வைத்தபடி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட ஓர் அம்மாள் சொன்னார்:

"எதையும் திருடலன்னா, அத சொல்றதுக்கா சிதம்பரத்துலேர்ந்து பஸ் ஏறி வந்தீங்க?"

ஆய்வு நாள்

அமுதா எப்படியோ திரும்பி வந்தார். ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளும் தெரிந்தது. இங்கேதான் ஸ்டெல்லா எனக்கு உதவி செய்தார். நம்ம ஊரில் எந்த விசேஷமும் கூட்டம் சேர்ந்தால்தான் களைகட்டும். கூடம் காலியாகத் தெரிந்தால் மூடிவிடுவார்கள் என்று எல்லாப் பெற்றோருக்கும் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார். காலையில் பார்த்தால் அண்ணன், தங்கச்சி, மாமா பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று பட்டுப்பாவாடையும் புதுச்சட்டையுமாகக் கூடம் நிரம்பி வழிகிறது. ஒரு பிள்ளை கூடினால் எனக்கு ஆள் பற்றாது என்பதை யாரிடம் சொல்லி அழுவது?

ஜீப் தெருமுனைக்கு வந்துவிட்டது என்றார் அமுதா. வேறு வழியில்லை, செவுரைத் திறந்தோம். கூடுதல் பிள்ளைகளை அமுதா ஒவ்வொன்றாக வெளியே அனுப்ப, சந்தில் நின்று ஸ்டெல்லா வாங்கிக்கொண்டார். முன்தெருவைப் பெற்றோரின் ஸ்கூட்டர்கள் அடைத்திருந்ததால், அதிகாரி அம்மா ஜீப்பை விட்டிறங்கி அதே சந்து வழியாக நடந்து வந்தார். கடைசிப் பிள்ளை அவர் மேல்தான் போய் மோதியது. நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்தார், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார்.

"அவசர வழி நல்லா வேல செய்யுதும்மா, கண்ணாலயே பாத்துட்டேன். பிள்ளைங்கள எண்ண இன்னொரு நாள் வர்றேன். எப்பன்னு ஸ்டெல்லாவுக்குத் தெரியக் கூடாது."

கண்ணாடிச் சட்டம்

அதேபோல் ஒருநாள் திடுதிப்பென்று வந்தார். பிள்ளைகள் கணக்கும் சரி, ஆள் கணக்கும் சரி. மாதம் முடிவதற்குள் உரிமம் வந்தது. கையில் வாங்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணாடி போட்டு வாசலுக்கு நேராக மாட்டினேன். மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஸ்டெல்லா ஒரு வரி விடாமல் படித்தார். கீழே இருந்த தேதியில் வந்து நின்றார். நல்ல வார்த்தை ஒன்று வரும் என்று காத்திருந்தேன்.

"அப்ப இவ்ளோ நாளா எம்புள்ளைய லைசென்ஸ் இல்லாத எடத்துலயா மிஸ் விட்டுட்டுப் போயிட்டிருந்தேன்?"

இத்தனை குழந்தைக்கு இத்தனை ஆள் என்று கணக்காக எழுதி வைத்தவர்கள், பெற்றோருக்குப் பதில் சொல்லத் தனியாக ஓர் ஆளைப் போடச் சொல்லி மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.