உருக்கும் இசையும் உலுக்கும் இசையும்

அந்த நகரத்தில் சனிக்கிழமை மாலை யாரும் சும்மா இருந்துவிட முடியாது. ஏதாவது ஒரு மாடியிலோ நிலவறையிலோ மூடிப்போன சினிமாக் கொட்டகையிலோ யாராவது தங்கள் பூட்டன் காலத்துப் பாட்டை டிக்கெட் போட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள். ஊரில் பாதிப் பேர் வேறெங்கிருந்தோ வந்தவர்கள். வார நாட்களில் அலுவலகத்தில் மூடி வைத்திருக்கும் வேரை வார இறுதியில் வெளியே எடுத்து விளக்குப் போட்டுக் காட்டுவார்கள். பார்க்கப் போகிறவர்களுக்கு எந்த வேரைப் பார்ப்பது என்று குழப்பம். அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைத்துச் சம்பளம் வாங்கியவர்தான் குறிப்பு சார்.

ரயில் நிலைய வாசல்களில் இலவசமாகக் கொடுக்கும் வாரப் பத்திரிகையில் 'வேரிசை' என்று அரைப் பக்கம் வரும். இந்த வாரம் எங்கே யார் பாடுகிறார்கள், ஆளுக்கு இரண்டு வரி. இருபது வருடமாக அந்த அரைப் பக்கம் குறிப்பு சாருடையது. அந்த இருபது வருடத்தில் அவர் ஒரு நிகழ்ச்சிக்கும் போனதில்லை. வியாழக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும், நிகழ்ச்சி நடப்பதோ சனிக்கிழமை, நடக்காததை எப்படிப் போய்க் கேட்பது என்பார். சனிக்கிழமை போய்க் கேட்கலாமே என்றால், எழுதி முடித்த பிறகு கேட்டு என்ன ஆகப்போகிறது என்பார். இரண்டுமே நியாயம்தான்.

அவர் படத்தைப் பார்த்து எழுதுவார். பாடகர் கண்ணை மூடியிருந்தால் 'ஆன்மாவை உருக்கும் இசை'. மேளம் தெரிந்தால் 'நாடி நரம்பை உலுக்கும் இசை'. தாடி இருந்தால் 'மண்ணின் குரல்'. தாடியும் மேளமும் சேர்ந்து வந்தால் அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஒருமுறை மேளத்தைப் பார்த்து உலுக்கும் என்று போட்டுவிட்டார். அந்த ஆள் புல்லாங்குழல்காரர். படம் எடுத்த அன்று நாற்காலி கிடைக்காமல் யாருடைய மேளத்தின் மேலோ உட்கார்ந்திருக்கிறார். விஷயம் தெரிந்தபோது பத்திரிகை அச்சாகி வெளியே போய்விட்டது. திங்கட்கிழமை வாசகர்கள் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். "நீங்க எழுதினது அப்படியே சார், உலுக்கிட்டாரு" என்றார்கள். அதற்குப் பிறகு தன் தொழில்மேல் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை வந்துவிட்டது.

அவருடைய மனைவி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்த்தாள். நாளெல்லாம் மற்றவர்கள் வாயைத் திறக்கிற இடத்தில் இருந்ததாலோ என்னவோ, அவள் அவசியமில்லாமல் வாயைத் திறப்பதில்லை. கணவனின் அரைப் பக்கத்தில் தெரிந்தவர்களுக்கு இடம் கேட்டு அவள் ஒருநாளும் வந்ததில்லை. அந்த மாதம் வந்தாள். காரணம், அவள் தம்பி.

தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி வைத்திருந்தான். பகல் முழுவதும் "கிளட்ச், கிளட்ச்" என்று கத்தித் தொண்டை கட்டியவன், மாலையில் அதே தொண்டையை வைத்துக்கொண்டு பாடுவான். அவர்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மூட்டை தூக்குகிறவர்கள் பாடும் பாட்டெல்லாம் அவனுக்கு மனப்பாடம். வயலின் வாசிக்கும் மருந்துக்கடைப் பெண் ஒருத்தியையும், மரப்பெட்டியில் தாளம் போடும் தையல்காரர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, ஐம்பதாவது வயதில் அவன் மேடையேறத் துணிந்துவிட்டான். மேசை நாற்காலி விற்கும் கடைக்கு மேலே இருந்த கூடத்தின் சொந்தக்காரர் ஒரு சனிக்கிழமை கொடுத்தார். கூடம் நிறைந்தால் மாதாமாதம் ஒரு சனிக்கிழமை அவனுக்கு. நிறையாவிட்டால் அத்தோடு சரி. அவன் இதற்காகத் தூக்கமில்லாமல் கிடந்தான். அவன் அக்காவும்தான்.

"எல்லாருக்கும் போடுற அதே ரெண்டு வரி, அவனுக்கும் போட்டுடுங்க. அது போதும்" என்றாள் மனைவி.

"உன் தம்பிக்குப் போய் அந்த ரெண்டு வரியா? நான் நேர்லயே போய்க் கேட்டுட்டு எழுதுறேன்" என்றார் குறிப்பு சார்.

"எதுக்கு வீணா..." என்று ஆரம்பித்தவள், கணவனின் முகத்தில் இருந்த பெருந்தன்மையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவள் அப்போதே நிறுத்தாமல் பேசியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை மாலை அவர் ஒத்திகைக்குப் போனார். பள்ளியின் வகுப்பறைதான் இடம். சுவர் முழுக்கச் சாலைக் குறிகளின் படம். மூலையில் பழைய காரிலிருந்து கழற்றிய ஸ்டியரிங் ஒன்று. மச்சான் அவருக்கு மாணவர்கள் உட்காரும் பெஞ்சைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "தப்பு இருந்தா சொல்லுங்க மாமா, உங்களுக்குத் தெரியாத பாட்டா" என்றான். குறிப்பு சார் தலையாட்டினார்.

பாட்டு தொடங்கியது. மச்சான் குரல் கரகரவென்று ஏறியது, பெட்டி கூடவே நடந்தது, வயலின் அவர்களுக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வந்தது. பிறகு நடுவில் எல்லாம் சட்டென்று நின்றது. மூட்டையை இறக்கி வைத்து மூச்சு வாங்கும் இடம் அது. மறுபடி தூக்கினார்கள். குறிப்பு சாருக்கு முதுகு தன்னால் நிமிர்ந்தது. இரண்டாவது தடவை நின்றபோது அவர் அழுதுகொண்டிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, பாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது.

மறுநாள் எழுத உட்கார்ந்தார். உருக்கும் என்று எழுதினார். போன வாரம்தான் அதை முகம் தெரியாத ஓர் ஆளுக்குக் கொடுத்திருந்தார், அடித்தார். உலுக்கும் என்று எழுதினார். அந்த மேளத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர் ஞாபகம் வந்தது, அதையும் அடித்தார். இருபது வருடமாகப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அள்ளி இறைத்த சொற்களில் ஒன்றைக்கூட மச்சானுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் இப்படி எழுதினார்:

'மூட்டை தூக்கியவர்களின் பாட்டு. ஒருவர் பாடுகிறார், ஒருவர் வயலின், ஒருவர் பெட்டியைத் தட்டுகிறார். பாட்டு நடுநடுவே நின்றுவிடும், பிறகு தொடரும். நான் நேரில் கேட்டேன்.'

கடைசி வரியைப் படித்துப் படித்து அவருக்கு உச்சி குளிர்ந்தது. அந்த அரைப் பக்கத்தில் அதுவரை யாருக்கும் கிடைக்காத மரியாதை அது.

பத்திரிகையின் ஆசிரியை, அவர் மகள் வயதுப் பெண், தாளைப் பார்த்துவிட்டு அவர் மேசைக்கு வந்தாள்.

"சார், இவங்கமேல எதாவது கோபமா?"

"ஏம்மா?"

"இல்ல, பிடிக்கலன்னா போடாமலே விட்டுடலாமேன்னு..."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியவில்லை என்று அவர் சிரித்து அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை அவரும் மனைவியும் கூடத்துக்குள் நுழைந்தபோது முதல் வரிசையில் மருந்துக்கடைப் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். நாலைந்து வரிசை தள்ளி, தையல்காரரிடம் துணி கொடுத்துவிட்டுப் பல நாளாக அலைகிற ஒருவர், அவரைக் கையோடு பிடிப்பதற்காக வந்திருந்தார். மற்ற நாற்காலிகள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. மனைவி ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். யாராவது வருகிறார்களா என்று பார்க்கக் குறிப்பு சார் கீழே இறங்கினார்.

தெருவின் எதிர்ப்பக்கத்தில் இருந்த அரங்கின் வாசலில் கூட்டம் தெருமுனை வரை நின்றது. கண்ணை மூடிய ஒரு பெண்மணிக்கு வழக்கம்போல 'ஆன்மாவை உருக்கும்' என்று அவர் எழுதிய நிகழ்ச்சி. வரிசையில் நின்ற ஒருவர் கையிலிருந்த பத்திரிகையைத் திருப்பினார்.

"அந்தக் கடைக்கு மேலயும் ஒண்ணு போட்டிருக்கே?"

"படிச்சேன். நடுவுல நடுவுல நின்னுடுமாம்" என்றார் பக்கத்தில் நின்றவர். "சரியாப் பழகாம வந்துட்டாங்க போல. எழுதினவரு நேர்ல கேட்டாராம், கேட்டுட்டும் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க."

குறிப்பு சார் படியேறினார்.

மச்சான் அன்று ஒத்திகையில் பாடியதைவிட நன்றாகப் பாடினான். பாட்டு நின்ற இடங்களில் எதிர் அரங்கிலிருந்து வந்த கைதட்டல் மட்டும் கேட்டது. முடிந்ததும் கூடத்துச் சொந்தக்காரர் அவன் தோளைத் தட்டி, "பாட்டு பிரமாதம்ங்க. ஆனா நாற்காலிக்குப் பாடி என்ன பிரயோஜனம்?" என்றார். அந்தச் சனிக்கிழமைகளை இடுப்பு இளைக்கப் பயிற்சி தருகிற ஒருவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறாராம்.

மச்சான் நேரே குறிப்பு சாரிடம்தான் வந்தான். "நீங்க நேர்ல வந்து கேட்டு எழுதினீங்களே மாமா, அது போதும்" என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் மனைவி அவரை விட்டு நாலடி தள்ளியே நடந்தாள். அங்கே போய் நின்ற பிறகும் அவர் முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஊர்ல இருக்கிறவங்க எல்லாருக்கும் இருபது வருஷமாப் பொய் எழுதினீங்க. என் தம்பிக்கு எழுதும்போதுதான் உண்மை வந்துச்சா?"

தன் வாழ்நாளில் வேறு யாரையும் அவர் அவ்வளவு புகழ்ந்ததில்லை. அதை இப்போது வாயைத் திறந்து சொன்னால் அவள் தனி பஸ்ஸில் போய்விடுவாள் என்று அவருக்குத் தெரிந்தது. பஸ் வந்ததும் அவள் முன்னால் ஏறி, ஒற்றை ஆள் உட்காரும் இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.