அக்கா எழுதிய மன்னிப்புக் கடிதம்

என் அக்கா பதினெட்டு வருடம் சட்டைக்குக் காலர் தைத்தவள். நாற்பத்தோரு வயதில் பிசியோதெரபி உதவியாளர் படிப்பில் சேர்ந்தாள். வகுப்பில் மற்றவர்களெல்லாம் அவள் மகள் வயதுப் பிள்ளைகள். ஊரார் காலைப் பிடித்துவிடுகிற வேலைக்குப் படிப்பு ஒரு கேடா என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஊரான் காலைத்தானே புடிக்கிறேன், உன் காலையா புடிச்சேன்?" என்று அக்கா ஒரே போடாகப் போட்டாள். எனக்குப் பரம திருப்தி.

ஒரு சிகிச்சை மையத்தில் ஆறு மாதத்துக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. நல்ல பெயர் எடுத்தால் நிரந்தரம், இல்லையென்றால் பழையபடி காலர். ஐந்தாவது மாதம் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அவரை எழுப்புவது, உட்கார வைப்பது, மூக்கைத் துடைப்பது எல்லாம் அவர் மனைவிதான்.

அக்கா அவர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அவராக எழுந்திருக்கட்டும் என்று காத்திருப்பாள். அந்த அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாள் என்று வாசல்வரை கேட்கும்படி முணுமுணுத்தார். ஒருநாள் விழுந்துபோன அந்தக் கையையே பிடித்து இழுத்துவிட்டார். பாசத்தில் எல்லாரும் செய்கிற தப்புதான்.

"கையை விடுங்கம்மா!"

அக்கா போட்ட சத்தத்தில் அறையே திரும்பிப் பார்த்தது.

அந்த அம்மா அழுதுகொண்டே மேனேஜரிடம் போனார். மேனேஜர் 'மன்னிப்புக் கடிதம்' என்று தலைப்பும் போட்டு ஒரு தாளை அக்காவிடம் நீட்டினார். எழுதாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். எழுதித் தொலையேன் என்று நான் போனில் கெஞ்சினேன்.

அக்கா எழுதினாள்: "சத்தம் போட்டது உண்மை. விழுந்த கையை இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடும். யார் இழுத்தாலும் மறுபடி சத்தம் போடுவேன்."

மேனேஜர் முகம் கறுத்து அதைத் தலைமைத் தெரபிஸ்டிடம் கொண்டுபோனார். அவர் படித்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துத் தலைப்பை மட்டும் வெட்டி எறிந்தார். இந்த ஆளை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லி, மிச்சத் தாளைச் சிகிச்சை அறைக் கதவில் மேனேஜர் கையாலேயே ஒட்டவைத்தார். அக்காவுக்கு வேலை நிரந்தரமானது.

மறுநாள் அந்த அம்மா கதவின் முன் நின்று இரண்டு தடவை படித்தார். டிரைவர் எழுந்திருக்க ஐந்து நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அந்த அம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார்.