சைரனுக்கு முன்னால் ஒரு கேள்வி

ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸை அப்பளம் மாதிரி தட்டையாக்க எவ்வளவு எடை வேண்டும்?

எனக்குத் தெரியும். ஒரு காட்டுமாட்டின் ஒற்றைக் கால் போதும்.

அந்த டிபன் பாக்ஸ் இப்போது என் மேஜை மேல்தான் இருக்கிறது. என் மகள் கயலுடையது. பிளஸ் ஒன் படிக்கிறாள். கயல் பத்திரமாக இருக்கிறாள் — அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சஸ்பென்ஸ் என்ற சமாச்சாரமே எனக்கு ஆகாது. அவள் போனை எடுக்கக் கொஞ்சம் தாமதமானாலே நான் என்னென்ன கற்பனை செய்வேன் என்று வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இந்த முறை கற்பனைக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

எங்கள் மலைக்கிராமம் வடகவுஞ்சிப் பக்கம். உச்சியில் சோலைக்காடு. அதற்குக் கீழே ஒரு மடிப்பு முழுவதும் தங்கராசு அண்ணன் தோட்டம். அதற்கும் கீழே ஒரு மண் பாதை. பாதைக்குக் கீழே நாங்கள் எல்லாரும் — பீன்ஸ், சௌசௌ, வீட்டோரம் நாலு பட்டர் ஃப்ரூட் மரம் என்று கைக்குட்டை அகலத் தோட்டங்கள்.

தங்கராசு அண்ணன்தான் எங்கள் ஊர் வல்லரசு. தோட்டத்தைச் சுற்றி சோலார் வேலி. நாலு மூலையிலும் ஃபோகஸ் லைட். இரண்டு ஜீப். போன மாதம் ஒரு சைரனும் வாங்கி வைத்தார். அதை அழுத்தினால் தூரத்துப் பெருமாள்மலை வரை கேட்கும் என்பது ஊர்க் கேலி.

கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் யாருக்காவது நெஞ்சு வலி என்றால் முதலில் ஸ்டார்ட் ஆகிற வண்டி அவருடையதுதான். நல்ல மனிதர், வலுவான மனிதர். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் பனிமூட்டம். ஸ்கூல் வேன் மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து பிள்ளைகள் அந்த மண் பாதையில் நடந்து வர வேண்டும். நான் தினமும் எதிரே போய்க் கூட்டி வருவேன். பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணை எதிர்கொண்டு அழைக்கப் போகிற அப்பா ஊரில் நான் ஒருவன்தான். கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

கயலோடு மூன்று வாண்டுகள். அதில் ஒன்று பக்கத்து வீட்டுச் செல்வியின் மகன். பாதையின் ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் சரிவு. நான் வளைவைத் திரும்பியபோது பிள்ளைகளின் பேச்சுச் சத்தம் கேட்டது. அப்போதுதான் மேலே சைரன் அலறியது.

அலறலுக்குப் பின்னால் வெடிச் சத்தம். அதற்குப் பின்னால் தரை அதிர்ந்தது... ஆமாம், அதிர்ந்தது. தங்கராசு அண்ணன் தோட்டத்தின் கீழ் கேட்டைத் திறந்துவிட்டு, பயிருக்குள் புகுந்த காட்டுமாடுகளை மேலேயிருந்து விரட்டியிருக்கிறார். பனிக்குள்ளிருந்து முதலில் வந்தவை கால்கள் — வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி, கறுப்பு உடம்புக்கு ஒட்டாத கால்கள். பிறகு மற்றதெல்லாம்.

எனக்கும் கயலுக்கும் நடுவில் அந்தக் கூட்டம். நான் கத்தினேனா? தெரியவில்லை. கத்தியதாகக் கயல் சொல்கிறாள்.

பாதைக்கு அடியில் மழைத்தண்ணீர் போக ஒரு சிமெண்ட் குழாய் உண்டு. வாண்டுகளை ஒவ்வொன்றாக அதற்குள் தள்ளிவிட்டு, கடைசியாகத் தானும் நுழைந்திருக்கிறாள். டிபன் பாக்ஸ் இருந்த பை வெளியே விழுந்துவிட்டது. ஒற்றைக் கொம்பு ஒடிந்த பெரிய மாடு ஒன்று குழாய் முன்னால் நின்று மூச்சு விட்டதாம். "சூடா இருந்துச்சுப்பா" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் பையை மிதித்துக்கொண்டு போய்விட்டது.

குழாய்க்குள்ளிருந்து நாலு பேரையும் வெளியே இழுத்த பிறகு, நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டவன் நான். என்னைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டி வந்தவள் கயல்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா?

அதற்கு முந்தின நாள் முழுவதும் அவள் என் காதில் ஓதிக்கொண்டிருந்த விஷயமே வேறு. பள்ளியில் விவாதப் போட்டி. தலைப்பு: ‘வல்லரசு ஒன்று வெளியுறவில் தனித்துச் செயல்படலாமா?’ குலுக்கலில் அவளுக்கு விழுந்தது, ‘செயல்படலாம்’. டி.வி.யிலும் அதே பேச்சு. எங்கோ ஒரு பெரிய நாடு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், வேறொரு நாட்டில் குண்டு போட்டிருந்தது. அதன் கூட்டாளிகளே நம்மைப் போல நியூஸ் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்களாம். வளைகுடாவில் ஏர்போர்ட்டுகளை மூடிவிட்டார்கள். அங்கே டிரைவராக இருக்கும் செல்வியின் கணவர் லீவில் வருவதாக இருந்தது. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் முடங்கிக் கிடந்தார்.

கயல் விடவில்லை. "எல்லா நாடும் சேர்ந்து ஓட்டுப் போட்டு முடிவெடுக்கறதுக்குள்ள ஆபத்து வந்து முடிஞ்சிரும்ப்பா. பலம் இருக்கறவங்கதானே முதல்ல இறங்க முடியும்?" என்றாள். நான் சாம்பாரை ஊற்றிக்கொண்டு தலையாட்டினேன். சாம்பார் ஊற்றும்போது எந்தக் கொள்கையும் நியாயமாகத்தான் படுகிறது.

மாடுகள் பாதையில் இறங்கியதற்கு மறுநாள் காலை வெள்ளனவே டீக்கடையில் ஊர் கூடிவிட்டது. தங்கராசு அண்ணனும் வந்தார். பிள்ளைகள் விஷயம் கேள்விப்பட்டு அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனாலும் வாதத்தில் இறங்கவில்லை என்று சொல்ல முடியாது.

எங்கள் ஊரில் காட்டுமாடு விரட்டுவதற்கு ஒரு முறை உண்டு. யார் தோட்டத்தில் மாடு நின்றாலும், முதலில் அக்கம் பக்கத்துக்குக் குரல் கொடுப்பார்கள். கீழே இருப்பவர்கள் டார்ச்சும் தகரமுமாகப் பாதையில் நின்று சத்தம் போடுவார்கள். மேற்கே ஓடைப் பக்கம் மட்டும் ஆளும் இருக்காது, சத்தமும் இருக்காது. அந்த அமைதியைப் பிடித்துக்கொண்டு மாடு ஓடை வழியாக மேலே ஏறிக் காட்டுக்குப் போய்விடும். விரட்டுவதில் பாதி, வழி விடுவது.

"அந்தக் கதையெல்லாம் எனக்கும் தெரியும்" என்றார் அண்ணன். "மாடு பாத்திக்குள்ள நிக்குது. நான் வீடு வீடாக் கதவத் தட்டி, விரட்டலாமா வேணாமான்னு கேட்டுக்கிட்டு இருந்தா, அது தின்னு முடிச்சு ஏப்பம் விட்டுட்டுப் போயிரும். போன வருசம் குரல் கொடுத்தேன்ல? எத்தன பேரு வந்தீங்க? மழைன்னீங்க. மேலுக்கு முடியலன்னீங்க. எங்கிட்ட சைரன் இருக்கு, என் சோலிய நானே பாத்துக்கிட்டேன். அது தப்பா?"

கூட்டத்தில் பலர் டீ கிளாஸுக்குள் எதையோ தேடினார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கயலின் விவாதப் பேச்சு, வரிக்கு வரி! அவர் சொன்னது பொய்யும் இல்லை. ஊரோடு சேர்ந்து செய்வது என்பது பல சமயம் ஊரே சேர்ந்து ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு வைத்த பெயராகிவிடுகிறது. உலக நாடுகளின் கூட்டங்களைப் பார்க்கும்போதும் நமக்குக் கொட்டாவி வரத்தானே செய்கிறது?

அப்போதுதான் செல்வி முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணே, உங்க பாத்தியில நின்ன மாட்ட விரட்டிட்டீங்க. சரி. அது எங்க போகும்னு நெனச்சீங்க?"

அண்ணன் மண் பாதைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரு ஏர்போர்ட்டு எப்பத் தொறக்கும்னு தெரியாம ரூமுக்குள்ள கெடக்காரு. அங்கயும் எவனும் சொல்லிட்டுச் செய்யல. இங்கயும் நீங்க சொல்லல. எங்க வீடு மட்டும் எல்லாரு வழியிலயும் கெடக்குது போல."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

அவர் டீக்கடை முருகேசன். அவருக்கு வாய் அடங்காது. அன்றைக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இந்த வாரம் பூராவும் விரட்டுறீங்களே... எத்தன கூட்டம்னு பாத்தீங்களா?"

"அது வருது, நாலஞ்சு கூட்டம்" என்றார் அண்ணன்.

"ஒரே கூட்டந்தாண்ணே. கொம்பு ஒடிஞ்ச ஒருத்தன் முன்னாடி வருவான் பாருங்க. நீங்க கீழ விரட்டுறீங்க. கீழ வந்தா மேல ஏற முடியாம உங்க வேலி நிக்குது. அது எங்க பாத்தியெல்லாம் மிதிச்சுட்டு, ஓடையைச் சுத்தி, காட்டுக்குள்ள போயி, மறுபடி உங்க மேல் மூலையில தொங்குற வேலி வழியா உங்களையே பாக்க வருது. நீங்க விரட்டல. வட்டம் சுத்த விட்டிருக்கீங்க."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. தங்கராசு அண்ணன் முருகேசன் பக்கம் திரும்பினார். "ஒத்தக்கொம்பனா?" என்றார் மெதுவாக. "நேத்தும் அவன்தானா?"

"அவனேதான்."

"அடப்பாவி" என்று அவரும் சிரித்துவிட்டார்.

எனக்கு அந்த இடத்தில்தான் பொறி தட்டியது. கேட்டைத் திறக்க, சைரனை அழுத்த, வெடியைக் கொளுத்த அவர் ஒருத்தர் போதும். ஆனால் மாடு திரும்பி வராமல் இருக்க வேண்டுமென்றால்? கீழே பாதையில் சத்தம் போட நாங்கள் வேண்டும். ஓடைப் பக்கம் சத்தம் போடாமல் இருக்கவும் நாங்கள்தான் வேண்டும். எவ்வளவு பெரிய சைரனாலும் அடுத்தவன் தோட்டத்தில் மௌனத்தை உண்டாக்க முடியாது. அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பேச்சு அதன் பிறகு வெரசாக முடிந்தது. அண்ணன் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். "அனுமதியெல்லாம் கேக்க மாட்டேன். சொல்லிட்டுச் செய்றேன்." செல்வி, "சொல்லுங்க, போதும். பிள்ளைக வீட்டுக்குள்ள வந்துருச்சான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு அமுக்குங்க. வழிய நாங்க பாத்துக்கிறோம்" என்றாள். டீ கிளாஸுக்குள் தேடியவர்கள் டார்ச்சோடு வருவதாக ஒத்துக்கொண்டார்கள். மேல் மூலை வேலியை அண்ணன் செலவில், அடுத்த மாதம் எல்லாருமாகச் சேர்ந்து கட்டுவது என்றும் ஆயிற்று. ‘கீழ்ப்பாதை’ என்ற பெயரில் ஒரு வாட்ஸ்ஆப் குரூப் தொடங்கப்பட்டது. முதல் மெசேஜ் வழக்கம்போல யாரோ போட்ட ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூ. மனித குலம் எங்கேயும் ஒன்றுதான்.

இனி கயல் பாடு. நடந்ததற்குப் பிறகு அவள் போட்டியில் பக்கம் மாறிக்கொள்வாள், அல்லது பேரையே திரும்ப வாங்கிவிடுவாள் என்று நினைத்தேன். வாங்கச் சொல்லிக் கெஞ்சினேன் என்பதே உண்மை. அந்தப் பாதையில் அவள் நடக்க வேண்டிய எந்தக் காரணமும் எனக்குப் பிடிக்கவில்லை.

"அந்தப் பக்கத்துலயும் நியாயம் இருக்குப்பா" என்றாள். "தங்கராசு பெரியப்பா சொன்னதும் சரிதானே?"

குழாய்க்குள் உட்கார்ந்து அந்த மாட்டின் மூச்சை முகத்தில் வாங்கியவள் சொல்கிறாள்.

போனாள். பேசினாள். ‘செயல்படலாம்’ என்றுதான் பேசினாள். சில நேரங்களில் காத்திருப்பதே குற்றமாகிவிடும் என்று அண்ணனின் பாத்திக் கதையை வைத்தே அடித்திருக்கிறாள். ஒரே கைதட்டலாம். கடைசியில் நடுவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: தனித்துச் செயல்பட்ட பிறகு வரும் விளைவுக்கு யார் பொறுப்பு? அதற்கு இவள், "முடிவ தனியா எடுக்கலாம் சார். முடிச்சு வைக்கத் தனியா முடியாது" என்றாளாம்.

தன் அணிக்கு எதிராகவே ஒரு பாயிண்ட் கொடுத்துவிட்டாள் என்று மார்க்கைக் குறைத்து மூன்றாம் பரிசு. எனக்கு அதில் வருத்தமே இல்லை. பரிசாகக் கிடைத்தது ஒரு டிபன் பாக்ஸ்.

நேற்று சாயங்காலம் மறுபடி பனி. கயல் வீட்டுக்குள் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். குரூப்பில் தங்கராசு அண்ணனின் வாய்ஸ் மெசேஜ்: "ஒத்தக்கொம்பன் வந்துட்டான். கெழக்குப் பாத்தியில நிக்கான். நான் ரெடி. பிள்ளைக வந்துருச்சா?"

‘வந்தாச்சு அண்ணே’ என்று போட்டேன். மற்ற வீடுகளும் போட்டன. டார்ச்சை எடுத்துக்கொண்டு நான் பாதைக்கு ஓடினேன். அன்றைக்கு உட்கார்ந்துவிட்ட அதே கால்கள்தான், ஆனால் ஓடின. முருகேசன் எண்ணெய் டின்னோடு நின்றிருந்தார். ஓடைப் பக்கம் இருட்டாக, அமைதியாக இருந்தது. எல்லாம் தயார்.

சைரன் மட்டும் வரவில்லை.

செல்வியிடமிருந்து பதில் இல்லை. அவள் மகன் வந்துவிட்டானா, இல்லையா? மேலே அண்ணன் பாத்தியில் பீன்ஸ் போய்க்கொண்டிருக்கிறது. இருந்தும் சைரன் வரவில்லை. கடைசியில் செல்வி வீட்டுக் கதவு திறந்தது. மகன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். ஏர்போர்ட் திறந்துவிட்டதாம், டிக்கெட் உறுதியாகிவிட்டதாம். கணவரோடு வீடியோ காலில் பேசிப் பேசியே போன் அணைந்து போயிருக்கிறது. இப்போதுதான் பிளக்கில் போட்டிருக்கிறாள். அவள் வார்த்தையை அவளே சொல்லட்டும் என்று நான் என் போனைத் தொடவில்லை.

கொஞ்ச நேரத்தில் குரூப்பில் அவள் பதில் வந்தது: ‘வந்துட்டான்ணே’. அதன் பிறகே மேலே சைரன் ஒலித்தது. ஒற்றைக்கொம்பன் ஓடை ஏறிக் காட்டுக்குள் போனதை நானே பார்த்தேன்.

ஒரு பாத்தி பீன்ஸ் போயிற்று. போகட்டும் — எங்கள் ஊர் வல்லரசு, செல்வியின் போனில் சார்ஜ் ஏறும் வரை காத்திருந்தது.