கல்யாண முருங்கைக்கு முள்வேலி

கல்யாணம் முடிந்ததும், பந்தலில் நட்டிருந்த கல்யாண முருங்கைக் கொம்பைத் திண்டிவனத்தில் என் மாமியார் வீட்டுக் கிணற்றடியில் நட்டோம். அது துளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆனால் ஒரு இலைகூட வரவில்லை. கணவர் விழுப்புரத்துக்கு வேலைக்கு ரயிலேறியதும், தினமும் கொம்பைப் பிடுங்கி, வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி நட்டுவிடுவேன்.

ஒரு நாள் கொம்பும் கையுமாக மாமியாரிடம் அகப்பட்டுக்கொண்டேன். கொம்பைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவரோ விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடிப்பாவி, நீயுமா? நானும் சாயங்காலமானா பிடுங்கிப் பிடுங்கிப் பாத்துக்கினு இருக்கேன்! அப்புறம் அது எப்படிம்மா துளிர்க்கும்?"

அன்றே ஆழமாக நட்டு, சுற்றிலும் முள் அடைத்தோம். அடுத்த மழைக்குத் துளிர்த்தேவிட்டது! இப்போது அதன் இலையில்தான் எங்கள் வீட்டில் அடை.

இன்றும் எந்தக் குச்சியை நட்டாலும் முதலில் முள் அடைத்துவிடுகிறோம். ஆட்டுக்குப் பயந்து என்று அக்கம்பக்கத்தார் நினைக்கிறார்கள். எங்களுக்குப் பயந்துதான்!

— ஒரு வாசகி, திண்டிவனம்