முற்றத்தில் கிடந்த மிதவை

முல்லைத்தீவில், மாமா வீட்டு முற்றத்து முருங்கையின் கீழ் ஒன்பது நாள்கள் ஒரு வெள்ளைக் கோளம் கிடந்தது. தண்ணீர்க் குடத்தைவிடச் சற்றுப் பெரியது. அடியில் அறுந்த கயிறும் பச்சைப் பாசியும். மேலே கறுப்பு மையில் ஏழு இலக்கங்கள். இரண்டாம் நாளே மாமியின் சிவப்புப் பேட்டுக்கோழி அதன்மேல் ஏறி இருந்துகொண்டது. “முட்டையெண்டு நினைச்சிட்டுது. கலைக்காதேங்கோ, பொரிக்கட்டும்,” என்றார் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. நகரப் பாடசாலைக்குப் போவதற்காக நான் அவர் வீட்டில் தங்கியிருந்தேன். அப்போது ஒன்பதாம் வகுப்பு. மாமா ஆழ்கடலில் மீன்பிடித்துத் திரும்பும் வழியில் அதைக் கண்டு, யாருடைய வலையிலிருந்தோ கழன்ற மிதப்பு என்று எண்ணிப் படகில் ஏற்றிவந்திருந்தார். கரையில் எவரும் உரிமை கேட்கவில்லை. ஒன்பதாம் நாள், பாசி காய்ந்து உதிர்ந்தபோது, கீழ்ப்பாதியில் சிறிய ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. “பிள்ளை, இங்கிலீசு படிக்கிறாய்தானே, ஒருக்கா வாசி,” என்றார். நான் அகராதியை எடுத்துவந்து சொல் சொல்லாக வாசித்தேன். கடல்நீரின் வெப்பத்தை அளக்கும் கருவி. தீங்கற்றது. நீரிலிருந்து எடுக்க வேண்டாம்.

மாமிக்கு அது போதுமாயிருந்தது. “இப்பவே கொண்டுபோய்க் கரையில தள்ளிவிடுங்கோ. நேவிக்காரர் வந்து கேட்டால் என்னத்தைச் சொல்லுறது?”

“கரையில விட்டால் கரைக்குத்தான் திரும்பி வரும். அடுத்தவன்ர சாமானை எடுத்த இடத்தில வைக்கோணும்.”

“எடுத்த இடத்துக்குக் கடலில கோடு கீறி வைச்சிருக்கிறீங்களாக்கும்.”

“ஓம், வைச்சிருக்கிறன்,” என்று சிரித்தார் மாமா.

மறுநாள் விடிவதற்கு முன் அதைப் படகில் வைத்துக்கொண்டு போனார். வழக்கமாகக் கூடப் போகிறவருக்குக் காய்ச்சல், தனியாகத்தான் போனார். ஒன்பது மணியளவில் காற்று எழும்பியது. கொடியில் கிடந்த என் பாடசாலைச் சட்டை பறந்து வேலியில் சிக்கியதால் அந்த நேரம் எனக்கு நினைவிருக்கிறது. மூன்றாம் நாள் படகு மட்டும் தெற்கே ஒரு கரையில் ஒதுங்கியது. மாமா வரவில்லை.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு மாமி என்னிடம் ஒன்று சொன்னார்: “காத்து எழும்பினவுடன படகைத் திருப்பியிருப்பார். அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார். நீ வாசிச்சதால இல்லைப் பிள்ளை.” அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நான் பரீட்சைகள் எழுதினேன், பல்கலைக்கழகத்துக்கும் போனேன்.

விடுதியில் என் அறைத்தோழி புவியியல் படிப்பவள். ஒருநாள் அவள் கணினியில் ஒரு தரவுக் களஞ்சியத்தைத் திறந்து வைத்திருந்தாள். உலகக் கடல்களில் மிதக்கவிடப்பட்ட கருவிகள் மணிக்கொரு தடவை அனுப்பும் இடமும் நீரின் வெப்பமும் அதில் கிடந்தன. யாரும் பார்க்கலாம், அனுமதி தேவையில்லை. ஒவ்வொரு கருவிக்கும் ஏழு இலக்கங்கள். அந்த ஏழு இலக்கங்களை என் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலக் கொப்பியின் பின்னட்டையில் நான் எழுதி வைத்திருந்தேன். அவற்றை மறந்ததில்லை.

வரைபடத்தில் ஒரு வழி தோன்றியது. வங்காள விரிகுடாவில் பல மாதங்கள் வளைந்து வளைந்து திரிந்த புள்ளிகள் ஓரிடத்தில் நேர்கோடாகிக் கரைக்கு வந்தன. பின்னர் ஒன்பது நாள்கள் அசையவில்லை: அது எங்கள் முற்றம். அந்த நாள்களின் வெப்பம் விடியலில் தாழ்ந்து மத்தியானத்தில் எந்தக் கடலும் எட்டாத அளவுக்கு ஏறியிருந்தது. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘ஐயத்துக்குரியது’ என்ற குறி. திருத்திய அட்டவணையில் அந்த நாள்கள் இல்லை; மூலக் கோப்பில் மட்டும் இருந்தன. அதன்பின் மறுபடி ஒரு நேர்கோடு, கரையிலிருந்து கடலுக்கு. முதற்கோடு தொடங்கிய இடமும் இரண்டாம் கோடு முடிந்த இடமும் திரையில் என் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கின. மாமாவின் படகில் திசைகாட்டிகூட இருக்கவில்லை.

கோடு முடிந்தபோது நேரம் பத்தரை. காற்று எழும்பி ஒன்றரை மணித்தியாலம் ஆகியிருந்தது. அதன்பின் புள்ளிகள் நீரோட்டத்தோடு மெல்ல வளையத் தொடங்கின. மாமாவைப் பற்றி அதற்கப்பால் அந்தக் கோப்பில் ஒன்றும் இல்லை. அழுகை வரவில்லை. இலக்கங்களை இன்னொரு தடவை சரிபார்த்தேன். நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றியதில் பிழை இருக்குமோ என்று கணக்கை முதலிலிருந்து செய்தேன். பிழை இல்லை. தோழி தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன்.

மாமிக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னால், எனக்கென்று அவர் தந்த ஒரே ஆறுதலை நானே அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். இரண்டு விடுமுறைகள் சொல்லாமலே கழிந்தன. மூன்றாவதில், குசினியில் அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

“மாமி, மாமா அந்த இடம் வரைக்கும் போயிருக்கிறார்.”

கத்தி நின்றது. “ஆர் சொன்னது?”

கோடுகளைப் பற்றிச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

“காத்து எழும்பினாப் பிறகுமோ?”

“ஓம் மாமி. ஒன்றரை மணித்தியாலம்.”

“அப்ப நான் உனக்குச் சொன்னது பிழை.”

“ஓம்.”

அவர் வேறு ஆறுதல் எதுவும் தேடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. சட்டியில் தண்ணீர் ஊற்றி மீனை இரண்டு தரம் அலசினார்.

“எடுத்த இடத்திலயோ விட்டவர்?”

“அதே இடத்திலதான்.”

“கோடு கீறி வைச்சிருக்கிறன் எண்டவர்தானே,” என்றார். பிறகு, முருங்கை நின்ற பக்கம் பார்க்காமலே கேட்டார்: “அந்தச் சிவப்புப் பேடு ஏறி இருந்ததும் அதில கிடக்கோ?”

“இல்லை மாமி. வெயில் மட்டும்தான் கிடக்கு.”