ஜன்னலில் கட்டிய தமேன்

சில வருடங்களுக்கு முன், யாங்கோனில், மழை விட்டு ததிஞ்ஜுட் விளக்குத் திருவிழா நெருங்கிய வாரம் அது. லான்மடாவில் எங்கள் தெரு முழுக்கக் காகித விளக்குகள் தொங்கத் தொடங்கியிருந்தன. ஊரே வெளிச்சத்துக்குத் தயாரானபோது, நாங்கள் மட்டும் இருட்டைத் தேட வேண்டியதாயிற்று.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. சரியான வாயாடி. எங்கள் மசாலாக் கடைக்கு வருகிறவர்களிடம் தமிழில் ஆரம்பித்து பர்மியத்தில் முடிப்பாள். மிளகாய் வாங்க வந்தவர் இவளோடு பேசிவிட்டு மிளகாயை மறந்துபோன நாளும் உண்டு. அந்த வாய் ஒருநாள் திக்க ஆரம்பித்தது. பிறகு தலைவலி, காலையில் வாந்தி. படம் எடுத்துப் பார்த்ததில் மூளையில் கட்டி. அதுவும் பேச்சுக்கான இடத்தை ஒட்டி.

கட்டியின் ஓரமும் நல்ல மூளையும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும் என்றார் டாக்டர். கொஞ்சம் கூடுதலாக வெட்டினால் பேச்சு போகலாம். கொஞ்சம் விட்டுவைத்தால் கட்டி திரும்ப வளரலாம். அதற்காக ஒரு மருந்து இருக்கிறதாம். ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு குடித்துவிட்டால், நீல விளக்கில் கட்டி மட்டும் ரோஜா நிறத்தில் மின்னும். பிள்ளைகளுக்கு இங்கே அதிகம் கொடுத்ததில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. நாங்கள் சம்மதித்தோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள், "அப்போ என் தலைக்குள்ளேயும் ததிஞ்ஜுட்டா அம்மா?" என்று திக்கித் திக்கிக் கேட்டாள். டாக்டரே சிரித்துவிட்டார்.

ஒரே ஒரு நிபந்தனை. அந்த மருந்து உடம்பில் இருக்கும்வரை, அதாவது இரண்டு நாள் போல, வெயிலோ பலமான விளக்கோ மேலே படக்கூடாது. பட்டால் தோல் வெந்துபோகும்.

ஆபரேஷன் நடந்தது. மின்னியதையெல்லாம் எடுத்துவிட்டோம், பேச்சைப் பற்றி இனி அவள்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். மறுநாள் காலை பிள்ளைகள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கண் திறந்தாள். என் விரலைப் பிடித்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. வீக்கம் வடியட்டும், பொறுங்கள் என்றார்கள். நான் கடைக்கதை, தெருக்கதை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். என்னையே பார்த்தபடி கிடந்தாள். அவள் குரலை இனிக் கேட்கவே மாட்டேனோ?

அந்த நேரம் பார்த்து ஜன்னலில் வெயில் ஏறியது. திருவிழாவுக்காகத் திரைச்சீலைகளைத் துவைக்கப் போட்டிருந்தார்கள். ஆக்சிஜன் குழாய் சுவரோடு இருந்ததால் கட்டிலையும் நகர்த்த முடியவில்லை. நர்ஸ் ஒரு வெள்ளை விரிப்பை மாட்டினாள். சல்லடையில் மாவு இறங்குவதுபோல் வெயில் இறங்கியது. முகத்தை மூடினால் மகள் தள்ளிவிட்டாள். என் வீட்டுக்காரர் மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தார். என் பையில் கனமான, கறுப்பு நிறத் துணி என்று இருந்தது இரண்டே. இரண்டும் நான் கட்டும் தமேன், பெண்கள் கைலி.

இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்களுக்குப் பிறவியிலேயே ஒரு மகிமை உண்டு, தமேன் தலைக்கு மேல் வந்தால் அது இறங்கிவிடும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. அதனால்தான் கொல்லைப்புறத்தில் தாழ்வாகக் காயப்போடுகிறோம். தமிழ் வீடுகளிலும் அப்படித்தான். என் வீட்டுக்காரரே கொடியைச் சுற்றிக்கொண்டுதான் நடப்பார்.

அந்த ஜன்னலுக்குக் கீழேதான் மாவ்பியிலிருந்து வந்த ஒரு விவசாயி பாய் விரித்திருந்தார். நல்ல உயரம். அடுத்த கட்டில் அவர் மகனுடையது. பையனுக்கு மறுநாள் ஆபரேஷன். முந்தின நாள்தான் அவர் வராந்தாவில் காய்ந்த பெண்கள் துணிக்குப் பயந்து எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போனதைப் பார்த்திருந்தேன். மகனுக்குக் கத்தி வைக்கப்போகிற சமயத்தில், எந்தத் தகப்பனிடம் போய் இதைக் கேட்பது? துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வேறு ஏதாவது கிடைக்குமா என்று தேட நர்ஸ் ஓடினாள். வெயில் கட்டில் காலுக்கு வந்துவிட்டது.

அவர் எழுந்து வந்து என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். என் கையிலிருந்த தமேனை வாங்கிக்கொண்டார். வேண்டாம், நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு ஆபரேஷன் என்று தடுத்தேன். அவர் பர்மியத்தில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"என் மகிமையை எல்லாம் கல்யாணத்தன்னைக்கே என் பெண்டாட்டி வாங்கி வெச்சுக்கிட்டா, தங்கச்சி. இனி இறங்க என்ன இருக்கு?"

"வாங்கினேன். ஒண்ணும் தேறலை," என்றாள் மகன் பக்கத்தில் இருந்த அவர் மனைவி.

அவர் முக்காலி மேல் ஏறி, கம்பியில் துணியைக் கட்டினார். அது சரிந்து அவர் தலைமுடி மேலேயே விழுந்தது. ஒதுக்கவில்லை, முடிச்சை இறுக்கிக்கொண்டே இருந்தார். கட்டில் மேல் நிழல் பரவியது. அப்போதுதான் பின்னாலிருந்து கரகரவென்று ஒரு சின்னக் குரல், பர்மியத்தில்:

"ஊலே... தலையைக் குனிங்க. அது அம்மாவோட தமேன்."

ஊலே என்றால் மாமா. என் மகள்தான். திக்கவில்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் முக்காலி மேல் நின்றபடியே, பெரியவர்கள் முன் பணிவதுபோல் அவளைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். பிறகுதான் இறங்கினார்.

அன்று முழுக்க அந்தத் துணிக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து மற்ற தகப்பன்மார்களும் அந்த வழியே போக ஆரம்பித்தார்கள். ஒருவர் மட்டும் மழைக்குப் பிடிப்பதுபோல் தலைமேல் கையை வைத்துக்கொண்டு ஓடினார்.

மறுநாள் அவர் பையன் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தபோது, என் பிள்ளைக்காகப் பயந்ததைவிட அதிகம் பயந்தேன். பையன் நல்லபடியாக வந்தான். சில நாளில் தகப்பன் கையைப் பிடித்து நடந்தே வீட்டுக்குப் போனான். டாக்டரிடம் போயிருந்த நான் திரும்பி வந்தபோது, பாய் விரித்த இடம் காலியாக இருந்தது. விலாசம்கூட வாங்கி வைக்கவில்லை.

மகள் இப்போது பெரிய வகுப்புப் படிக்கிறாள். வருடா வருடம் படம் எடுத்துப் பார்க்கிறோம். வாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மாவ்பி வழியாக பஸ்ஸில் போகும்போது மட்டும் சும்மா இருந்து, வயல் வரப்பில் உயரமான ஆள் யாராவது தெரிகிறாரா என்று ஜன்னலோரம் பார்த்துக்கொண்டே வருவாள். ததிஞ்ஜுட் இரவில் தெரு முழுக்க விளக்கு எரிகையில், என் மகளுக்காக ஒருவர் தன் தலையைக் கொடுத்துக் கட்டிவைத்த அந்தக் கொஞ்ச இருட்டைத்தான் நான் இன்னும் கும்பிடுகிறேன்.